அசல் இருமலுடன்

"இருமல் எங்கய்யா போச்சு?"

தொலைபேசியில் வந்த முதல் வாக்கியமே அதுதான். வணக்கமும் இல்லை, நலமாவும் இல்லை. வெட்டுக்காரர் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கு சார் இருமல்?"

"யாருக்கும் இல்ல. அதுதானே பிரச்சனை! நீங்க அனுப்பின சோதனைத் தட்டுல இருமலைக் காணோம்!"

வெட்டுக்காரர் இதுவரை யாரையும் வெட்டியதில்லை. அவர் வெட்டுவது இசைத்தட்டு. பழைய ஆர்கெஸ்ட்ரா ஒலிப்பதிவுகளைத் தேடிப் பிடித்து, கனமான கறுப்புத் தட்டுகளாக மறுபடி வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவருக்கு வேலை. வேலை என்றால் கிட்டத்தட்ட உழவு. ஒலிநாடாவில் இருக்கும் இசையை முதலில் அரக்கு பூசிய ஒரு தட்டில் சாலாக உழ வேண்டும். சூடேற்றிய ஊசி ஒன்று தட்டின் விளிம்பில் இறங்கி, ஒரே ஒரு சாலைச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதி வரைக்கும் போட்டுக்கொண்டே போகும். இசை ஓங்கினால் சால் அதிகமாக நெளியும்; அடங்கினால் ஏறக்குறைய நேராக ஓடும். உழும்போது கிளம்புகிற அரக்கு நூல் தலைமுடியைவிட மெல்லியது. அதை ஒரு குழாய் கூடவே உறிஞ்சிக்கொண்டு வரும். நடுவில் பக்கத்து அறைக்காரர் கதவை ஓங்கிச் சாத்தினால் போச்சு, தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த அரக்குத் தட்டிலிருந்து உலோக அச்சு. அச்சிலிருந்து முதலில் ஒன்றிரண்டு சோதனைத் தட்டுகள், பிறகு கடைக்குப் போகும் தட்டுகள்.

போனில் கத்திக்கொண்டிருந்தவருக்கு எல்லோரும் வைத்த பெயர் தங்கக்காது. இசை கேட்போர் சங்கத்தின் தலைவர். அவர் "அருமை" என்று எழுதினால் சங்கம் முழுக்க வாங்கும். "பரவாயில்லை" என்று எழுதினால் தட்டுகள் கிடங்கைவிட்டு நகராது. இந்தத் தட்டு ஓடாவிட்டால் வெட்டும் எந்திரத்தை விற்றுவிட்டு அந்த அறையில் அட்டைப்பெட்டி அடுக்கப்போவதாக முதலாளியம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெட்டியை அடுக்குவது யார் என்பதையும் சொல்லியிருந்தார்.

"சார், எந்த இருமல்னு கொஞ்சம் விளக்கமா..."

"இரண்டாம் பகுதியில புல்லாங்குழல் தனியா வாசிக்கும் பாருங்க, அப்படியே கனவு மாதிரி. அது அடங்கற இடத்துல அரங்கத்துல ஒருத்தர் இருமுவார். உடனே கொம்பு வாத்தியம் எழும்பும். எனக்கு உடம்பெல்லாம் விழிப்பு தட்டின மாதிரி இருக்கும்! உங்க தட்டுல இருமலும் இல்ல, அது இல்லாததால கொம்பும் மனசுல பதியல. ஊசி பாட்டுக்குக் கடைசி வளையத்துல சுத்திக்கிட்டுக் கிடக்கு!"

"நாடாவுலயே இருமல் இல்லையே சார்."

"என்கிட்ட இருக்கற பழைய தட்டுல இருக்கே! எத்தனை வருஷமா கேட்கறேன்! அதுவும் இப்ப வீட்டுல ஆள் இல்ல, சம்சாரம் மக வீட்டுக்குப் போயிருக்கா. ஈ பறந்தாக்கூடக் கேட்கும். அப்பேர்ப்பட்ட அமைதியில உங்க தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேன்."

அந்தப் பழைய தட்டு வேறு யாரிடமும் கிடையாது. அவர் அதை வெளியே கொடுப்பதும் கிடையாது. அதை நேரில் வந்து ஒருமுறை கேட்கட்டுமா என்று வெட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து ரிசீவரைப் பிடுங்கியது.

முதலாளியம்மாவுக்கு ஒரு பழக்கம். வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் முதலில் ஒப்புக்கொண்டுவிடுவார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்வார்.

"சார், ஆமா சார். சுத்தம் பண்ணும்போது எங்க ஆளு எடுத்துட்டாரு சார். திரும்ப வெச்சிடறோம் சார்."

ரிசீவரை வைத்துவிட்டு, "என்னத்தை எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"இருமலை மேடம். ஆனா நான் எடுக்கல. இல்லாததை எப்படி எடுக்க முடியும்?"

"எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? வெச்சிட்டா முடிஞ்சுது."

முடியவில்லை. அன்று மாலையே சங்கத்தில் செய்தி பரவிவிட்டது. பழைய பொக்கிஷத்தில் கைவைத்து இருமலை வெட்டி எறிந்துவிட்டார்களாம். அந்த மனிதருக்குப் பெயரே வெட்டுக்காரராம். மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் தங்கக்காதின் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பழைய தட்டைக் கேட்டவர்கள். எல்லோருக்கும் இருமல் நினைவிருந்தது.

"சாதாரண இருமலா அது? நமக்குப் பின்னாடியே நின்னு யாரோ இருமுற மாதிரி இருக்கும்யா. ஒலிப்பதிவுல அவ்வளவு ஆழம்! அதைப் போய் எடுக்க உமக்கு எப்படி மனசு வந்தது?" என்றார் ஒரு பல் மருத்துவர்.

"ரொம்ப நாகரிகமான இருமல்ங்க. படிச்சவங்க இருமுற மாதிரி," என்றார் ஒரு பள்ளித் தலைமையாசிரியை.

மூன்றாவதாக அழைத்தவர் தழுதழுத்தார். அந்த அரங்கத்தில் அன்று இருமியது தன் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும், அவருக்குச் சளித் தொல்லை உண்டு, உறையில் அவர் பெயரைப் போட முடியுமா?

வெட்டுக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தன் காதுதான் பழுதோ? நாடாவை மறுபடி ஏற்றினார். புல்லாங்குழல் அடங்கும் இடத்தை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டி, ஒலியைக் கூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு நாற்காலி முனகியது. யாரோ தாளைப் புரட்டினார்கள். குழல்காரர் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் ஒருவருக்குக்கூடத் தொண்டை கமறவில்லை.

"என்ன ஆரோக்கியமான ஜனங்கடா சாமி!" என்று அலுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற முடிவோடு முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். மேஜைமேல் புது உறை மினுமினுத்துக்கொண்டிருந்தது. மூலையில் வட்டமாகத் தங்க நிற எழுத்து: 'அசல் இருமலுடன்.'

"அச்சுக்கே கொடுத்துட்டீங்களா மேடம்?"

"மொத்தமும் அடிச்சாச்சு. எப்படி இருக்கு? எடுத்துட்டோம்னு கெட்ட பேரு வந்துச்சுல்ல, அதையே விளம்பரமா திருப்பிட்டேன் பாத்தீங்களா!"

"மேடம், நம்மகிட்ட இருமலே இல்ல."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆபீஸ்ல இத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தருக்கு இருமத் தெரியாதா?"

அலுவலகத்தில் இருமலுக்குப் பேர்போனவர் கணக்காளர். அவருடைய இருமல் இல்லாமல் ஒரு கூட்டமும் நடந்ததில்லை. வெட்டுக்காரர் அவரை மைக் முன்னால் உட்கார வைத்துக் கையைக் காட்டினார்.

கணக்காளர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். கூரையைப் பார்த்தார்.

"வர மாட்டேங்குதே."

"நேத்து முழுக்க வந்துச்சே!"

"நேத்து யாரும் பாக்கலையே சார். இப்படி ஆவலா பாத்தா எப்படி வரும்? கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

வெட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவழியாக ஒன்று வந்தது. ஓடிப்போய்ப் போட்டுக் கேட்டால், இருமியது கணக்காளர்தான் என்பது மட்டுமல்ல, அவர் தன் அறையில் இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருமினார் என்பதுகூடத் தெரிந்தது. காரணம் இருக்கிறது. பெரிய அரங்கத்தில் ஒரு சத்தம் எழுந்தால் முதலில் நேராக நம்மிடம் வரும். பிறகு சுவர், கூரை, மாடம் என்று முட்டி முட்டித் தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் இடம் எவ்வளவு பெரிது என்று காது கணக்குப் போடுகிறது. காதை ஏமாற்ற வேண்டுமென்றால் பெரிய இடம் வேண்டும்.

அவருடைய குடியிருப்பின் மாடிப்படி நினைவுக்கு வந்தது. அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரைக்கும் நேராக உயர்ந்த, வெறுஞ்சுவர் கொண்ட படிக்கட்டுக் கூடம். கீழே ஒரு சாவி விழுந்தால் மேலே கோயில்மணிபோலக் கேட்கும்.

சனிக்கிழமை காலையில் மைக்கோடு படியில் உட்கார்ந்தவரை மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது? இருமலுக்கு ஒத்திகையா? எங்க வீட்டுல என்னைக் கட்டிக்கொடுக்கும்போது ஆர்கெஸ்ட்ரா கம்பெனில வேலைன்னு சொன்னாங்க."

"கிண்டல் பண்ணாதே. உங்கண்ணன் வர்றேன்னு சொன்னாரா இல்லையா?"

"வந்துகிட்டே இருக்கார். இருமணும்னு சொன்னதும் சட்டையை இஸ்திரி போட ஆரம்பிச்சுட்டார்."

மச்சான் அமெச்சூர் நாடகக்காரர். மேடையில் பலமுறை செத்தவர். மைக்கைப் பார்த்ததும் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

"மாப்ளே, கதாபாத்திரம் யாரு?"

"கச்சேரி கேட்க வந்த ஒருத்தர். அவ்வளவுதான் மச்சான்."

"அவனுக்கு வீட்டுல என்ன பிரச்சனை?"

"ஒண்ணும் இல்ல. தொண்டைதான் பிரச்சனை."

மச்சான் கண்ணை மூடினார். திறந்தார். மார்பைப் பற்றிக்கொண்டு இருமினார். அந்த இருமலில் ஒரு ராஜ்ஜியம் கவிழ்ந்தது. படிக்கட்டு அதை வாங்கி மொட்டைமாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிற்று. கதவுகள் படபடவென்று திறந்தன. இரண்டாம் மாடி அம்மா வெந்நீரோடு ஓடி வந்தார். மூன்றாம் மாடி நர்ஸ் மச்சானைப் பிடித்துக் குனியவைத்து முதுகில் நாலு வைத்தார்.

"நடிப்புங்க! நடிப்பு!" என்று அலறினார் மச்சான்.

"அப்படித்தான் சொல்வாங்க. மூச்சை இழுங்க!" என்று இன்னொன்று வைத்தார் நர்ஸ்.

எல்லோரையும் சமாதானப்படுத்தி, மச்சானை வீட்டுக்குள் அனுப்பி, ஒயரைச் சுற்றுவதற்காக வெட்டுக்காரர் குனிந்தபோது படிக்கட்டுத் தூசி தொண்டையில் ஏறியது. அவரே இருமினார். சின்னதாக, கூச்சத்தோடு, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்பதுபோல.

ஒலிப்பதிவு எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போட்டுக் கேட்டார். கச்சேரிக்கு வந்த ஒருவர், பின்வரிசையில், அடக்க முடியாமல் இருமியிருந்தார். அரங்கத்தின் சுவர்கள்கூட இருந்தன.

"இதுதான்!" என்று கத்தினார்.

"நல்லவேளை, மனுஷன் பிழைச்சுட்டார்," என்றாள் மனைவி.

இனி அதை நாடாவின் இசையோடு சேர்த்துச் சாலில் உழ வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். மெல்லிய இசை வரும் இடத்தில் சால்களை நெருக்கி நெருக்கி ஓட்டுவதுதான் வழக்கம். தட்டில் இடம் மிச்சமாகும். அந்த நெருக்கத்தில் திடீரென்று ஒரு இருமல் வந்தால் சால் குபுக்கென்று வளைந்து, நடுவில் இருக்கும் மெல்லிய சுவரைப் பக்கத்துச் சாலின் பக்கம் தள்ளும். அப்புறம் பக்கத்துச் சால் அதை ஒட்டுக்கேட்ட மாதிரி மெதுவாகத் திருப்பிச் சொல்லும், ஒரு சுற்று முன்னாலோ பின்னாலோ. வெட்டுக்காரர் அந்த இடத்தில் சால்களைக் கொஞ்சம் விலக்கி விட்டார். போதுமா என்று அவருக்கே நிச்சயமில்லை. உலகப் புகழ்பெற்ற வாத்தியக்காரர்களுக்கு நடுவே தன் தொண்டையும் இடம்பிடித்ததை நினைத்தால் ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போலவும் இருந்தது.

புதுச் சோதனைத் தட்டை எடுத்துக்கொண்டு நேரிலேயே வரச் சொல்லிவிட்டார் தங்கக்காது. முதலில் புதியது, அடுத்து பழையது, இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒப்பிடுவாராம். ஞாயிறு பிற்பகல் முதலாளியம்மாவும் வெட்டுக்காரரும் போய் மணியை அழுத்தினார்கள். கதவைத் திறந்தது, மகள் வீட்டிலிருந்து திரும்பியிருந்த அவருடைய மனைவி. புன்னகையோடு உதட்டில் விரலை வைத்து, உள்ளே கையைக் காட்டிவிட்டுச் சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

கேட்கும் அறையில் இரண்டு ஆளுயர ஒலிபெருக்கிகள். அவற்றுக்கு நேர் எதிரே, மூன்றும் முக்கோணமாக அமைகிற மாதிரி, ஒரே ஒரு சாய்வு நாற்காலி. விருந்தினர்களுக்குச் சுவரோரம் முக்காலிகள்.

"இந்த வீட்டுல ஒரு சட்டம்," என்றார் தங்கக்காது. "தட்டு சுத்தும்போது பேச்சு கூடாது. ஒரு வார்த்தை கூடாது. என் சம்சாரமே இத்தனை வருஷத்துல பேசினதில்ல."

"பேசமாட்டோம் சார்," என்றார் முதலாளியம்மா.

"இப்பவே பேசறீங்களே."

ஊசி இறங்கியது. தங்கக்காது சாய்ந்து கண்ணை மூடினார். முதல் பகுதி முழுக்க அவர் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. இரண்டாம் பகுதியில் புல்லாங்குழல் தனியாகக் கிளம்பியதும் விரல்கள் நின்றன. தலை மெல்லத் தாழ்ந்து தாடை மார்பில் பதிந்தது. மூச்சு சீராக, ஆழமாக வந்தது. எப்படி உள்வாங்குகிறார் பாருங்கள் என்று முதலாளியம்மா வெட்டுக்காரருக்குக் கண்ணால் காட்டினார்.

குழல் இறங்கியது. இன்னும் இறங்கியது. வெட்டுக்காரருக்கு உள்ளங்கை வியர்த்தது. மேல்துண்டால் துடைத்துக்கொள்ளக்கூடப் பயமாக இருந்தது.

க்ஹும், என்று இருமினார் தட்டுக்குள் இருந்த வெட்டுக்காரர்.

தங்கக்காதின் தலை விருட்டென்று நிமிர்ந்தது. அப்பாடா என்று வெட்டுக்காரர் மூச்சுவிடப்போன நேரத்தில்,

க்ஹும்.

இன்னொன்று! கொஞ்சம் மெல்லிசாக, கீச்சென்று.

வெட்டுக்காரர் சுற்றும் தட்டையே வெறித்தார். அவர் வைத்தது ஒன்றுதான். அப்படியென்றால் சால் ஒட்டுக்கேட்டுவிட்டது. சுவர் தள்ளிக்கொண்டு, பக்கத்துச் சால் ஒரு சுற்றுத் தள்ளி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டது. கசிந்து வரும் ஒலியில் கனம் குறைந்துவிடும். அதனால்தான் பெண்குரல் மாதிரி மெல்லிசு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு தப்பு! அட்டைப்பெட்டிகள் வரிசையாக அவர் கண்முன்னால் வந்து நின்றன.

கொம்பு எழும்பியது. தங்கக்காது நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் தளும்ப, கடைசிவரைக்கும் கேட்டார். ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தார். திரும்பினார்.

"ரெண்டு இருமல்."

"சார், அது என் தப்பு," என்று எழுந்தார் வெட்டுக்காரர். "சால் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமாப் போய்..."

"எதிரொலி சார்!" முதலாளியம்மா அவர் காலை நங்கென்று மிதித்தார். "முதல்ல வந்தது இருமல். ரெண்டாவது வந்தது அரங்கத்தோட பின்சுவர்ல பட்ட எதிரொலி. அதைக் கொண்டுவரத்தான் இவர் இத்தனை நாள் ராப்பகலா உழைச்சார்."

"என் பழைய தட்டுல ஒண்ணுதானே கேட்கும்?"

"எத்தனை வருஷமாப் போட்டுத் தேஞ்ச தட்டு சார் அது. எதிரொலி எல்லாம் எப்பவோ உதிர்ந்திருக்கும்."

தங்கக்காது திரும்பி ஒலிபெருக்கிகளைப் பார்த்தார். வெட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பின்சுவர்!" என்றார் தங்கக்காது மெதுவாக. "பின்சுவரையே கொண்டுவந்துட்டீங்களே! இன்னைக்குத்தான்யா அந்த அரங்கத்துக்குள்ள நான் முழுசா உக்காந்தேன். இனிமே பழைய தட்டைப் போட்டு ஒப்பிட வேற வேணுமா? இப்பவே எழுதறேன். சூட்டோட எழுதினாத்தான் வரும். உங்க பேரையும் போடறேன், இந்த வரிசையில வர்ற எல்லாத் தட்டையும் நீங்கதான் வெட்டணும்!"

அவர் உள்ளறைக்குப் பாய்ந்தார். "'அருமை'ன்னு முதல் வரியிலேயே வந்துட்டா நல்லா இருக்கும் சார்," என்று சொல்லிக்கொண்டே முதலாளியம்மா பின்னால் ஓடினார்.

வெட்டுக்காரர் தொப்பென்று முக்காலியில் உட்கார்ந்தார். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அப்போது தங்கக்காதின் மனைவி காபித் தட்டோடு உள்ளே வந்தார். ஒரு கோப்பையை அவர் கையில் கொடுத்தார். உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கிட்டே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு, குழல் சத்தம் கேட்டதும் தூங்கிப்போற மனுஷனை, கல்யாணமான நாள்லேருந்து சமையலறைக் கதவுக்குப் பின்னாடி நின்னு நான்தான் இருமி எழுப்பிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு எனக்கு முந்திக்கிட்டு இருமினது யாரு?"